காட்டுக்கு உயிர் மட்டும் போதுமா?

1/ "ஈகோசிஸ்டம்"னு இன்னைக்கு ஸ்டார்ட்அப் கம்பெனிக்காரங்க வரைக்கும் சொல்றாங்க. 1935-ல் அந்த வார்த்தையை அச்சில் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் தாவரச் சூழலியலாளர் ஆர்தர் டான்ஸ்லி. மனசைப் புரிஞ்சுக்க 1922-ல் வியன்னா போய், ஃப்ராய்டிடமே உளப்பகுப்பாய்வு செய்துகொண்ட ஆள்!

2/ காடு என்பது பிறந்து, வளர்ந்து, முதிரும் ஒரே உயிர் என்றார் அமெரிக்காவின் கிளெமென்ட்ஸ். டான்ஸ்லி ஏத்துக்கலை. செடி, விலங்கை மட்டும் பார்த்தா போதாது; உயிரில்லாத மண், தண்ணி, காற்று, வெப்பம் எல்லாம் சேர்ந்ததே அமைப்பு. அதுக்குத்தான் அந்தப் பெயர்.

3/ டாக்டரா எனக்கு இது பழகின விஷயம். வயிற்றுப்போக்கோட வர்ற குழந்தைக்கு ஓஆர்எஸ் கொடுத்துக் காப்பாத்திடலாம். வீட்டுத் தண்ணி மாறலைன்னா குழந்தை திரும்ப வரும்.

4/ காடும் அப்படித்தான். மண்ணும் நீரும் கெட்ட இடத்துல மரக்கன்று நட்டு போட்டோ எடுத்தா மட்டும் காடு வந்துடாது.