புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத் தமிழரிடையே உடற்கழிவு நீக்கம்: பயனும் இடரும்

முன்னுரை

'டிடாக்ஸ்' எனப்படும் நச்சகற்றல் உணவுமுறை, அண்மைக்காலப் புதுமையாகவே பலராலும் கருதப்படுகிறது. உடலில் தேங்கும் கழிவை அவ்வப்போது வெளியேற்ற வேண்டும் என்னும் எண்ணமோ தமிழர்க்குப் பழையது. புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத் தோட்டப்புற வரலாற்றை முன்வைத்து, அவ்வெண்ணத்தின் பயனையும் இடரையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

மருத்துவ மரபு

வளி, அழல், ஐயம் ஆகிய மூன்றும் தம் அளவில் மிகுதலும் குறைதலுமே நோய்க்குக் காரணம் என்பது சித்த மருத்துவக் கொள்கை. மிகுந்த வளியைப் பேதியும், அழலை வாந்தியும், ஐயத்தை நசியமும் தணிக்கும் என்பர். தேரையர் இயற்றியதாக வழங்கும் பிணியணுகா விதி, பேதியை 4 திங்களுக்கு ஒருமுறையும் வாந்தியை 6 திங்களுக்கு ஒருமுறையும் கொள்ளுமாறு வரையறுக்கிறது. மருந்தைக் காட்டிலும் கால இடைவெளியே இங்குக் கருதத்தக்கது. உடல் வன்மை, வயது, பத்தியம் ஆகியவற்றை நோக்கியே பேதி மருந்து கொடுக்கப்பட்டது. பள்ளி விடுமுறையில் சிறுவர்க்கு விளக்கெண்ணெய் புகட்டி, அன்று எளிய உணவு மட்டுமே கொடுத்த பாட்டிமார் வழக்கம் இந்நெறியின் எச்சம் எனலாம்.

தோட்டப்புற அனுபவம்

1800ஆம் ஆண்டில் கெடாவிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பெனி பெற்ற செபராங் பிறையில், 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் அங்குக் குடியேற்றப்பட்டனர். பின்னர் ரப்பர் வந்தது. அல்மா, ஜூரு ஆகிய தோட்டப் பெயர்களை அங்குள்ள தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன.

ஈரமண்ணில் வெறுங்காலுடன் உழைத்த மலாயாத் தோட்டத் தொழிலாளரைக் கொக்கிப்புழு வாட்டியது. புழு குடலில் தங்கிக் குருதியை உறிஞ்ச, சோகை மிகுந்தது. இந்நோயை ராக்பெல்லர் அறநிறுவனம் அனுப்பிய, சாமுவேல் டார்லிங் தலைமையிலான குழு 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களில் ஆராய்ந்தது. தைமோல், கெனோபோடியம் எண்ணெய் ஆகியவற்றைப் பேதியுப்புடன் கொடுத்துப் புழுவை வெளியேற்றுவது அக்கால மருத்துவமுறை.

இதனால் பலர் நலமடைந்தனர். எனினும் கெனோபோடியம் அளவு சற்று மிகுந்தாலும் செவியையும் நரம்பையும் தாக்கியது. சிலரது உயிரையும் பறித்தது. மேலும், கழிப்பிட வசதியின்றி அதே மண்ணில் நடந்தவரைப் புழு மீண்டும் பற்றியது. கழிவு நீக்கம் எங்குப் பயன் தரும், எங்கு நின்றுவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இக்காலப் போக்கு

தோட்டங்கள் குடியிருப்புகளாக மாறிய இக்காலத்தில், விளக்கெண்ணெயின் இடத்தைத் தேநீர்ப் பொட்டலங்களும் பழச்சாற்று விரதங்களும் பிடித்துள்ளன. இனிப்புப் பானத்தையும் பொரித்த உணவையும் சில நாள் விலக்குவது நன்றே. ஆனால் உடனே குறையும் எடை பெரும்பாலும் நீரின் எடையே. வழக்கமான உணவுக்குத் திரும்பியதும் அது மீள்கிறது. நச்சகற்றும் பணியைக் கல்லீரலும் சிறுநீரகமும் இடையறாது செய்கின்றன. 2015இல் கிளைன், கியாட் ஆகிய இருவர் வெளியிட்ட மீளாய்வு, விற்பனைக்கு வரும் நச்சகற்றல் உணவுமுறைகளைச் சோதித்த முறையான ஒப்பீட்டு ஆய்வு ஒன்றும் இல்லை எனக் காட்டியது.

இடர்களோ பல. இத்தகைய தேநீர் பலவற்றில் நிலாவாரை சேர்க்கப்படுகிறது. அதை நாள்தோறும் அருந்தின் உடலின் பொட்டாசியம் குறையும். நட்சத்திரப்பழச் சாறு சிறுநீரக நோயாளிக்கு நஞ்சாகும். மருந்துண்ணும் நீரிழிவு நோயாளி உணவைத் துறந்தால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும். 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினர்க்கு இரத்தச் சர்க்கரை மிகுந்திருந்தது; இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. எனவே இக்கேடு நம் சமூகத்துக்கு அயலானதன்று.

முடிவுரை

மலேசியாவில் 1992 முதல் பாரம்பரிய மருந்துகள் பதிவு செய்யப்படுகின்றன. 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் மருத்துவரையும் நெறிப்படுத்துகிறது. சட்டம் காக்கும் எல்லைக்கு அப்பால், ஆசிரியர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. தோட்ட மருத்துவமனை வெளியேற்றியது கண்ணால் கண்ட புழுவை. இன்றைய விளம்பரமோ பெயரில்லா நஞ்சைக் காட்டி அஞ்சச் செய்கிறது. வெளியேறுவது எந்த நஞ்சு, எத்தனை நாளைக்கு ஒருமுறை, யார் மேற்பார்வையில் என்று வினவ மாணவர்க்குக் கற்பிப்போமாயின், நம் மரபு வகுத்த வரையறையையே நாம் மீட்டவராவோம்.