பூத்தும் காய்க்காத தேக்கு

பாரிவாக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு மாமரம் உண்டு. தை மாதத்தில் இலை தெரியாமல் பூக்கும். காய்ப்பதோ விரல்விட்டு எண்ணும் அளவுதான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மரம் இருக்கலாம். இதே குறை தேக்கு விதைத் தோட்டத்திற்கு நேர்ந்தால்? நாட்டின் மரவளமே பாதிக்கப்படும் அன்றோ!

1840களில் மலபார் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. கப்பல் கட்டுவதற்காக அங்குள்ள தேக்குக் காடுகள் வெட்டித் தீர்க்கப்பட்டன. கலெக்டர் கனோலி நீலம்பூரில் புதிதாகத் தேக்கு வளர்க்க முனைந்தார். முதலில் ஊன்றிய விதைகள் சரிவர முளைக்கவில்லை. தேக்கின் கொட்டை அவ்வளவு கடினமானது. 1844-இல் சாத்து மேனன் என்னும் அலுவலர், விதையை நீரில் ஊறவைத்து, மழைப் பருவம் பார்த்து விதைத்து வெற்றி கண்டார். அக்காலத்தில் நட்ட மரங்களில் சில ‘கனோலி தோட்ட’த்தில் இன்றும் நிற்கின்றன.

முளைக்க வைத்தாயிற்று. ஆனால், எந்த மரத்தின் விதையை எடுப்பது? கோணல் மரத்தின் விதையில் கோணல் வரக்கூடும். 1930களில் டென்மார்க் நாட்டு லார்சன் ஒரு வழி கூறினார்: சிறந்த மரங்களைத் தேர்ந்து, அவற்றின் கிளைகளை ஒட்டுக்கட்டி, ஒரே தோட்டத்தில் வளர்த்து விதை எடுக்கலாம். பைன் முதலிய கூம்பு மரங்களுக்கு இம்முறை உலகெங்கும் பரவியது. 1960களில் இந்தியாவில் தேக்கிலும் கையாளப்பட்டது.

மரங்கள் வளர்ந்தன, விதையோ குறைவு! காரணம் என்ன? பைனின் மகரந்தத்தைக் காற்று சுமக்கிறது. தேக்குக்கோ தேனீ போன்ற பூச்சிகள் வேண்டும். ஒரு பூவின் வாழ்வு ஒரே நாள். அன்று மழை கொட்டினால் தேனீ வராது. மேலும், தேக்கு தன் மகரந்தத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஒரு மரத்திலிருந்து எடுத்த ஒட்டுகள் நூறானாலும் மரபில் அவை ஒரே மரந்தான். வெவ்வேறு தாய்மரங்களின் ஒட்டுகள் ஒரே சமயத்தில் பூத்தால்தான் காய் பிடிக்கும். நூறு பூவில் ஒன்றிரண்டு காயானாலே அதிகம்.

கூம்பு மரங்களுக்கு உதவி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. நெற்பயிரை அளவுமீறி நெடிதாக வளரச் செய்யும் பூஞ்சை நோயை ஆராய்ந்த ஜப்பானியர் குரோசாவா, அப்பூஞ்சை சுரக்கும் பொருளே காரணம் என 1926-இல் காட்டினார். அதுவே ஜிப்பரெலின். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சில பொருள்களைச் செலுத்திப் பைன் வகைகளில் கூம்புகளைப் பெருக்குகிறார்கள்.

தேக்குக்கு இடத்தேர்வே முதல் மருந்து. பூக்கும் பருவத்தில் பெருமழை பெய்யாத இடம், சேர்ந்து பூக்கும் ஒட்டுகள், கிளைகளில் வெயில் படும் இடைவெளி ஆகிய மூன்றும் வேண்டும். கோயம்புத்தூரில் 1988-இல் தொடங்கிய வன மரபியல் நிறுவனம் தேக்கைப் பற்றியும் ஆராய்ந்து வருகிறது.

மாணவர்களே, அடுத்த தை மாதம் ஒரு மாங்கொத்தில் உள்ள பூக்களை எண்ணுங்கள். சித்திரையில் காய்களை எண்ணுங்கள். விதைத் தோட்டக்காரரின் கவலை உங்களுக்கே விளங்கும்.