வருவாய் குறைந்தபோது உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) செய்தது என்ன?

 



ஒரு வீட்டில் வரவு குறைந்துவிட்டால், அங்கே எந்தச் செலவு முதலில் நிறுத்தப்படுகிறது என்பதைப் பாருங்கள். அந்த வீட்டுத் தலைவரின் குணம் அதில் தெரிந்துவிடும். சிலர் தம்முடைய சௌகரியத்தை முதலில் குறைத்துக்கொள்வார்கள். சிலரோ பிள்ளையின் படிப்பையும் வேலைக்காரப் பெண்ணின் சம்பளத்தையும் முதலில் நிறுத்துவார்கள். அரசாங்கத்தின் நிலையும் இதுவே. கஜானா நிறைந்திருக்கும்போது எல்லா அரசும் தாராளமான அரசாகவே தோன்றும். அது குறையும்போதுதான் ஆட்சியாளரின் உள்ளத்தில் யாருக்கு முதலிடம் என்பது வெளிப்படும்.

2020ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கின்போது நம் நாட்டின் மாநில அரசுகளுடைய வரி வருவாய் சரிந்ததையும், அரசு ஊழியர்களின் அகவிலைப்படி உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டதையும், அரசுகள் பெருந்தொகையைக் கடனாக வாங்க நேர்ந்ததையும் நாம் கண்ணால் கண்டோம். வருவாய் குறைந்தால் ஓர் அரசு என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்வி புதிதன்று. ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன்பே இதே கேள்வி ஒரு கலீஃபாவின் முன் வந்து நின்றது. அவர் தந்த விடை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

அன்றைய நிலை

ஹிஜ்ரி 99ஆம் ஆண்டு, கி.பி. 717இல், உமையாக் கலீஃபா ஸுலைமான் மறைந்தார். அவருக்குப்பின் உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) பொறுப்பேற்றார். சிந்து முதல் ஸ்பெயின் வரை விரிந்திருந்த பேரரசு அது. நிலவரியாகிய கராஜ், முஸ்லிமல்லாத குடிமக்கள் செலுத்திய ஜிஸ்யா, போரில் கிடைத்தவற்றின் ஐந்தில் ஒரு பங்கு ஆகியவை அதன் முக்கிய வருவாய்கள். ஜகாத்தின் செலவினங்களோ மார்க்கத்தால் வரையறுக்கப்பட்டவை. செலவுப் பக்கத்தில் போர்வீரர்களுக்கும் பதிவேட்டில் உள்ளோருக்கும் தரப்பட்ட உதவித்தொகை, அரண்மனைச் செலவு, அரச குடும்பத்தாரின் மானியங்கள், படையெடுப்புகள், கட்டடங்கள் ஆகியவை இருந்தன.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் வளர்ந்து வந்தது. மக்கள் திரளாக இஸ்லாத்தில் இணைந்தனர். இணைந்தோர் ஜிஸ்யா செலுத்த வேண்டியதில்லை. ஆகவே மார்க்கம் பரவப் பரவ கஜானாவின் வரவு குறைந்தது. இராக்கின் ஆளுநராக இருந்து ஹிஜ்ரி 95இல் இறந்த ஹஜ்ஜாஜ் இதற்குக் கண்ட வழி மிகக் கொடியது. இஸ்லாத்தைத் தழுவிய பின்னும் அவர்களிடம் ஜிஸ்யா வாங்கினார். நகரங்களுக்கு வந்து சேர்ந்த புதிய முஸ்லிம்களை அவரவர் கிராமங்களுக்கே விரட்டினார். வருவாயைக் காக்கிறோம் என்ற பெயரில் வாக்குறுதி முறிக்கப்பட்டது.

எகிப்திலிருந்து வந்த கடிதம்

எகிப்தில் வரி நிர்வாகத்தைக் கவனித்து வந்தவர் ஹய்யான் இப்னு ஷுரைஹ். அவர் புதிய கலீஃபாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். மக்கள் இஸ்லாத்தில் சேர்வதால் ஜிஸ்யா குறைந்துவிட்டது. பதிவேட்டில் உள்ளவர்களுக்குத் தர வேண்டிய உதவித்தொகையை முழுமையாகக் கொடுப்பதற்காக 20,000 தீனார் கடன் வாங்க வேண்டியதாயிற்று. புதிய முஸ்லிம்களிடமும் ஜிஸ்யா வாங்க அனுமதி வேண்டும். இதுவே கடிதத்தின் சாரம்.

சகோதரர்களே! இந்த அதிகாரியைக் கெட்டவர் என்று ஒதுக்கிவிடாதீர்கள். வரவு செலவுக் கணக்கைக் கையில் வைத்திருப்பவர் எவரும் இப்படித்தான் யோசிப்பார். அவர் காட்டிய பற்றாக்குறை உண்மையானது. சம்பளம் கொடுக்கப் பணமில்லை என்பதும் உண்மை. ஆனால் உமர் (ரஹ்) அவரைக் கடுமையாகக் கண்டித்தார். இஸ்லாத்தில் இணைந்தவரிடம் ஜிஸ்யா வாங்குவதை உடனே நிறுத்துமாறு ஆணையிட்டார். அல்லாஹ் தன் தூதரை நேர்வழி காட்டுபவராகவே அனுப்பினான், வரி வசூலிப்பவராக அனுப்பவில்லை என்ற கருத்தில் அவர் எழுதிய பதில் புகழ்பெற்றது.

குராஸானிலிருந்தும் இதுபோன்ற ஒரு முறையீடு வந்தது. அரபியரல்லாத 20,000 முஸ்லிம்கள் உதவித்தொகையும் உணவுப் படியும் இன்றிப் போர்க்களத்தில் நிற்கிறார்கள் என்றும், ஏறத்தாழ அதே அளவு மக்கள் இஸ்லாத்தில் இணைந்த பின்னும் ஜிஸ்யா செலுத்தி வருகிறார்கள் என்றும் தூதுக்குழுவில் வந்த ஒருவர் சொன்னார். அந்தப் பகுதி ஆளுநர் அல்ஜர்ராஹ் பின்னர் பதவி நீக்கப்பட்டார்.

முதல் வெட்டு தன் வீட்டில்

வரியை விட்டுக்கொடுத்துவிட்டால் செலவுக்கு எங்கே போவது? அவர் கைவைத்த முதல் இடம் தம் சொந்த வீடு.

அப்துல் மலிக்கின் மகளும் தம் மனைவியுமான ஃபாத்திமாவிடம், தந்தை அளித்த விலைமதிப்பற்ற நகை வேண்டுமா, தாம் வேண்டுமா எனத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். அம்மையார் நகையை பைத்துல்மாலில் சேர்த்தார். உமர் (ரஹ்) மறைந்தபின் அவருடைய சகோதரர் யஸீத் அதைத் திருப்பித் தர முன்வந்தபோதும் அவர் ஏற்கவில்லை. கணவர் உயிரோடிருக்கும்போது மனமொப்பிக் கொடுத்ததை அவர் இறந்தபின் திரும்பப் பெறுவதில்லை என்பதே அவருடைய உறுதி.

தமக்கு வந்து சேர்ந்திருந்த ஃபதக் தோட்டத்தை, நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அது இருந்த நிலைக்கே மீட்டார். உமையாக் குடும்பத்தார் முறைகேடாகக் கைப்பற்றியிருந்த நிலங்களும் சொத்துகளும் திரும்பப் பெறப்பட்டன. உறவினர்கள் கொதித்தெழுந்தார்கள். அவர் அசையவில்லை.

அரசாங்கக் காரியாலயத்திலும் இதே சிக்கனம் நடைமுறைக்கு வந்தது. மதீனாவின் ஆளுநர் அபூபக்ர் இப்னு முஹம்மத் எழுதுதாளும் விளக்குச் செலவும் கேட்டு எழுதினார். எழுதுகோலை மெல்லியதாகச் சீவி வரிகளை நெருக்கி எழுதுமாறும், பதவிக்கு வருமுன் இரவில் விளக்கின்றி நடந்ததை நினைத்துப் பார்க்குமாறும் பதில் வந்தது. ஓர் ஊரின் மதிலைப் பழுதுபார்க்கப் பணம் கேட்ட ஆளுநருக்கு, ஊருக்கு நீதியால் மதில் எழுப்பி, அதன் பாதைகளிலிருந்து அநீதியைத் துடைக்குமாறு எழுதினார் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர்.

பெருஞ்செலவு பிடித்த கான்ஸ்டாண்டிநோபிள் முற்றுகையை அவர் கைவிட்டார். பசியால் வாடிய படைக்கு உணவும் வாகனப் பிராணிகளும் அனுப்பித் திரும்ப அழைத்தார். டமாஸ்கஸ் பள்ளிவாசலில் வலீத் பதித்திருந்த பொன் அலங்காரங்களைக்கூட எடுத்து பைத்துல்மாலில் சேர்க்க எண்ணினார். ரோமானியத் தூதர்கள் அதைக் கண்டு வியந்து மனம் தளர்ந்ததை அறிந்தபின்பே அந்த எண்ணத்தைக் கைவிட்டார் எனப் பதிவாகியுள்ளது.

சுமக்கக்கூடியவருக்கே சுமை

வரி விதிப்பில் அவர் வைத்த அளவுகோல் ஒன்றே ஒன்று: செலுத்துபவரால் அதைச் சுமக்க முடியுமா?

நஜ்ரான் கிறிஸ்தவர்களுடன் நபி (ஸல்) அவர்கள் செய்த ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 2,000 ஆடைகள் அவர்கள் செலுத்தி வந்தனர். பின்னர் அது ஓரளவு குறைக்கப்பட்டது. ஹஜ்ஜாஜ் காலத்தில் 1,800 ஆடைகள் வாங்கப்பட்டன. இதற்கிடையில் அந்த மக்களின் எண்ணிக்கை பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. உமர் (ரஹ்) அவர்களைக் கணக்கெடுக்கச் செய்து, வரியையும் பத்தில் ஒன்றாக, அதாவது 200 ஆடைகளாக, 8,000 திர்ஹம் மதிப்பில் நிர்ணயித்தார். இறந்தவரின் வரியை இருப்பவர் தலையில் கட்டும் பழக்கம் அதோடு முடிந்தது.

யமனில் ஹஜ்ஜாஜின் சகோதரர் முஹம்மத் இப்னு யூஸுஃப் ஒரு நிலையான கூடுதல் வரியை விதித்திருந்தார். விளைச்சல் நன்றாக இருந்தாலும் பொய்த்தாலும் அதைக் கட்டியாக வேண்டும். உமர் (ரஹ்) அதை நீக்கினார். யமனிலிருந்து ஒரு கைப்பிடி இலை மட்டுமே வந்தாலும் அநீதியான வரியைவிட அதுவே தமக்கு விருப்பமானது என்ற கருத்தில் எழுதினார். சைப்ரஸ் மக்கள் மீது அப்துல் மலிக் ஏற்றியிருந்த 1,000 தீனார் கூடுதல் வரியும் நீக்கப்பட்டது.

கூஃபாவின் ஆளுநர் அப்துல் ஹமீதுக்கு அவர் எழுதிய கடிதம் தனிச்சிறப்புடையது. பாழ்நிலத்தின் வரியை விளைநிலத்தின் மீது போடக் கூடாது. நாணயம் அடிப்பவரின் கூலி, நவ்ரோஸ் பண்டிகைக் காணிக்கை, ஏட்டுச் செலவு, தூதர் கூலி, வீட்டு வாடகை, திருமணக் காசு என்று அதிகாரிகள் பிடுங்கி வந்த சில்லறை வசூல்கள் யாவும் நிறுத்தப்பட வேண்டும் என்று அதில் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தடுத்தார். சின்னச் சின்ன வசூல்கள் ஏழையின் வீட்டில் எவ்வளவு பெரியவை என்பதை அவர் அறிந்திருந்தார்.

இரக்கம் மட்டுமன்று, திட்டமும் உண்டு

அவர் வருவாயை அள்ளி விட்டுவிட்டார் என்று எண்ணிவிடக் கூடாது. கராஜ் நிலங்கள் விற்பனையின் மூலம் முஸ்லிம்கள் கைக்கு மாறி, வரி வரம்பிலிருந்து நழுவுவதை அவர் தடுத்தார். ஹிஜ்ரி 100ஆம் ஆண்டுக்குப்பின் இத்தகைய விற்பனைக்குத் தடை வந்தது. மனிதனின் ஈமானுக்கு வரி இல்லை. ஆனால் நிலம் சமுதாயத்தின் பொதுச் சொத்து, அதன் வருவாய் கைவிட்டுப் போகக் கூடாது. இந்த இரண்டையும் அவர் பிரித்து வைத்தார்.

இராக்கில் உதவித்தொகை கொடுத்தபின் பணம் மீந்தபோது அவர் இட்ட வரிசையைக் கவனியுங்கள். வீண்விரயம் செய்யாமல் கடன்பட்டவரின் கடனை அடைக்க வேண்டும். பிறகு வசதியற்ற இளைஞருக்குத் திருமணம் செய்துவைக்க வேண்டும். அதன்பின்னும் மீந்தால், ஜிஸ்யா செலுத்தும் விவசாயிகளில் நலிந்தோருக்குப் பயிர் செய்யக் கடன் தர வேண்டும். காரணம், அவர்கள் ஓராண்டு ஈராண்டுக்கு மட்டும் தேவைப்படுபவர்கள் அல்லர். அபூ உபைதின் ‘கிதாபுல் அம்வால்’ இதைப் பதிவு செய்திருக்கிறது. கறவை மாட்டுக்குத் தீனி போடாமல் பால் மட்டும் கேட்பவன் அறிவாளி அல்லன். இந்த எளிய உண்மையை ஓர் அரசாங்கத்தின் கொள்கையாக அவர் ஆக்கினார்.

பின்னர் நடந்தது

அவருடைய ஆட்சி இரண்டு ஆண்டு ஐந்து மாதங்களே நீடித்தது. ஹிஜ்ரி 101 ரஜப் மாதத்தில், கி.பி. 720இல், அவர் மறைந்தார். அடுத்து வந்த யஸீத், யமனின் பழைய வரியை மீண்டும் விதித்தார். சைப்ரஸின் கூடுதல் வரியும் ஹிஷாம் காலத்தில் திரும்ப வந்தது. முப்பது ஆண்டுகள் கழிந்து, ஹிஜ்ரி 132இல், உமையாப் பேரரசே வீழ்ந்தது. அதை வீழ்த்திய புரட்சி குராஸானிலிருந்து புறப்பட்டது. அரபியரல்லாத முஸ்லிம்களின் நெடுநாள் மனக்குறையும் அதற்கு ஒரு காரணம் என்பதை வரலாறு படிப்பவர் அறிவார்.

உமரின் பக்தி கஜானாவைக் காலியாக்கியது என்று ஐரோப்பிய ஆய்வாளர் சிலர் குறை கூறியதுண்டு. ஆனால் ஜெர்மானிய அறிஞர் வெல்ஹவுஸன், 1902இல் வெளிவந்த தம் நூலில் அந்தக் கருத்தை ஏற்கவில்லை. நீங்களே எண்ணிப் பாருங்கள். பேரரசை உலுக்கியது உமர் (ரஹ்) விட்டுக்கொடுத்த வரியா, அவருக்கு முன்னும் பின்னும் வந்தவர்கள் விடாமல் பிடுங்கிய வரியா?

நமக்கான பாடம்

கண்ணியத்திற்குரியவர்களே! நாம் யாரும் கலீஃபா அல்லர். ஆனால் ஒவ்வொருவர் பொறுப்பிலும் ஒரு சிறிய பைத்துல்மால் இருக்கிறது. சிலருக்கு அது வீடு, சிலருக்குக் கடை, சிலருக்கு ஜமாஅத்.

ஊரடங்குக் காலத்தில் நானறிந்த ஒரு மஹல்லாவில் ஜும்ஆ வசூல் முற்றிலும் நின்றுபோனது. நிர்வாகிகள் கூடினார்கள். முஅத்தினின் சம்பளத்தைப் பாதியாக்கலாம் என்பதே முதலில் வந்த ஆலோசனை. அதே வாரம் மினாராவுக்கு வர்ணம் பூசப் பேசி வைத்திருந்த தொகை வேறொரு கணக்கில் அப்படியே இருந்தது. யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. கடைசி வரிசையில் அமர்ந்திருந்த ஒரு முதியவர் மட்டும், மினாராவுக்குப் பசிக்காது, முஅத்தின் வீட்டில் நாலு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். வர்ணம் ஓராண்டு தள்ளிப்போனது. சம்பளம் தள்ளிப்போகவில்லை. அந்தப் பெரியவர் கிதாபு ஓதியவர் அல்லர். ஆனால் உமர் (ரஹ்) அவர்களின் வழியை அன்று நடத்திக் காட்டியவர் அவர்தான். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். அந்தச் சொல் ஏன் என் வாயிலிருந்து முதலில் வரவில்லை என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வரலாறு நமக்கு ஒரு வரிசையைக் கற்றுத் தருகிறது. வரவு குறைந்தால் முதலில் தன் வசதியைக் குறைக்க வேண்டும். அடுத்து ஆடம்பரத்தை நிறுத்த வேண்டும். அதற்கடுத்து முறைகேடாகப் போனதை மீட்க வேண்டும். கொடுத்த வாக்கையும் உழைத்தவன் கூலியையும் நலிந்தவன் பங்கையும் தொடக் கூடாது. இந்த வரிசையைத் தலைகீழாக்கும் குடும்பமும் ஜமாஅத்தும் அரசாங்கமும் கணக்கில் ஜெயித்ததுபோல் தோன்றலாம். ஆனால் கணக்குக் கேட்கும் நாள் ஒன்று இருக்கிறது. அன்று பற்றாக்குறை எவ்வளவு என்று மட்டும் கேட்கப்படாது. அதை யார் தலையில் ஏற்றினாய் என்றும் கேட்கப்படும்.

நெருக்கடியிலும் நீதி தவறாத உள்ளத்தை வல்ல ரஹ்மான் நமக்கும், நம்மை ஆள்பவர்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.