எஞ்சினைத் தாங்கும் ரப்பரின் கதை

பெரம்பலூர் மாவட்டத்தில், வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது லப்பைக்குடிக்காடு. வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் நிறைந்த ஊர். இப்படிப்பட்ட ஊர்களில் ஒரு காட்சியை எளிதாகக் கற்பனை செய்யலாம். சவூதியிலிருந்து விடுமுறைக்கு வந்த மகன், பல மாதம் சும்மா நின்ற பழைய காரை ஸ்டார்ட் செய்கிறார். ஸ்டியரிங் நடுங்குகிறது. சீட் அதிர்கிறது. கிளட்சை விட்டதும் அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம்.

"எஞ்சின் போச்சு அத்தா. வந்த விலைக்குத் தள்ளிடலாம்."

"அவசரப்படாதடா. மெக்கானிக் வந்து பார்க்கட்டும்."

இதில் அத்தா சொல்வதுதான் சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். பல நேரங்களில் போயிருப்பது எஞ்சின் அல்ல, அதைத் தாங்கும் ரப்பர்! பட்டறையில் 'மவுண்டிங்' என்பார்கள். இந்தச் சின்னப் பொருளுக்கும் ஒரு சரித்திரம் உண்டு.

கார்கள் வந்த புதிதில் பெரும்பாலும் எஞ்சினை நேராக இரும்புச் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கிவிடுவார்கள். சிலிண்டருக்குள் நடக்கும் ஒவ்வொரு வெடிப்பும் அப்படியே உட்கார்ந்திருப்பவர் முதுகுக்கு வந்து சேரும். நான்கு சிலிண்டர் கார்களில் இந்தத் தொல்லை அதிகம். 1931-ல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன் பிளைமவுத் காரில் இதற்கு வழி கண்டது. எஞ்சினை அசையாமல் பிடித்து வைப்பதற்குப் பதிலாக, ரப்பர் வைத்து இரண்டு இடங்களில் தாங்கி, அது தன் போக்கில் ஆட விட்டார்கள். எஞ்சின் ஆடும், கார் ஆடாது. 'மிதக்கும் சக்தி' என்ற பொருளில் அதற்குப் பெயரும் வைத்தார்கள். மறு வருடமே பிரான்சின் சிட்ரோயன் உரிமம் பெற்று இதைத் தன் கார்களில் பொருத்தியது. அந்தக் கார்களின் சின்னத்தில் நீந்தும் அன்னம் ஒன்றும் சேர்ந்தது.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாகக் கொண்ட அம்பாசடர், 1950-களின் இறுதியில் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவிலிருந்து வரத் தொடங்கியது. 1961-ல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு தயாரானது. லைசென்ஸ் ராஜ் காலம் அது. பணம் கட்டிவிட்டுப் புதுக்காருக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் 'விற்றுவிட்டு வேறு வாங்கலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. டீசல் அம்பாசடர் ஆடுகிறதா? ரப்பரை மாற்று, ஓட்டு. அவ்வளவுதான்.

1983 டிசம்பர் 14-ல் முதல் மாருதி 800-ன் சாவி கைமாறியது. 796 சிசி, மூன்று சிலிண்டர். அம்பாசடரில் நீளவாக்கில் இருந்த எஞ்சின் இதில் குறுக்குவாக்கில் இருந்தது. முன்சக்கரங்களே வண்டியை இழுத்தன. மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு இயல்பாகவே முன்னும் பின்னும் ஊசலாடும் குணம் உண்டு. போதாக்குறைக்கு, சக்கரத்தைச் சுழற்றும்போது ஏற்படும் எதிர்விசையும் மவுண்டிங் மீதே விழும். ஆக, கார் சின்னதானது, ரப்பரின் வேலை பெரிதானது.

ரப்பர் ஏன் கெடுகிறது? எஞ்சின் சூடு, வயது, எண்ணெய்க் கசிவு. இயற்கை ரப்பரில் எண்ணெய் பட்டால் ஊறி உப்பிப் பலமிழக்கும். எனவே கசிவை நிறுத்தாமல் புது ரப்பர் போடுவது காசுக்குக் கேடு. வண்டி ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயதாகாமல் இருப்பதில்லை. எஞ்சினின் எடை அதன்மேல் இருந்துகொண்டேதான் இருக்கும்.

கண்டுபிடிப்பது எப்படி? பானட்டைத் திறந்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஒருவர் பிரேக்கை அழுத்திக்கொண்டு கிளட்சை லேசாக விட வேண்டும். முதல் கியரில் ஒரு தடவை, ரிவர்ஸில் ஒரு தடவை. இன்னொருவர் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும் (வண்டிக்கு முன்னால் நிற்கவே கூடாது). எஞ்சின் ஒரு பக்கமாகத் தூக்கி எழுந்து விழுந்தால் மவுண்டிங் போய்விட்டது என்று பொருள். ஐடிலிங்கில் நடுங்கி, வேகம் கூடியதும் அடங்கினாலும் சந்தேகம் இதன்மேல்தான். ஆனால் ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டாலும் வண்டி இப்படியே நடுங்கும். எனவே பிளக்கையும் பார்த்துவிட வேண்டும்.

இப்போது பெரிய கேள்வி: செலவு செய்வதா, விற்பதா?

அன்று காத்திருப்புப் பட்டியல் பழுது பார்க்கச் சொன்னது. இன்று சட்டமும் சந்தையும் விற்கச் சொல்கின்றன. சொந்தக் காரின் பதிவு 15 வருடம் செல்லும். பிறகு 5 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் பழைய வாகனக் கழிப்புக் கொள்கை வந்தது. 2022 ஏப்ரல் முதல் காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 வயது தாண்டிய கார்களுக்கு அது 10,000 ஆனது.

வணிகவியலில் 'மூழ்கிய செலவு' என்று ஒன்று சொல்வார்கள். போன வருடம் டயருக்குக் கொடுத்த காசு போனதுதான். அதற்காகக் காரை வைத்துக்கொள்ளவும் வேண்டாம். அதே போல, இன்று வண்டி ஆடுகிறதே என்ற எரிச்சலில் விற்கவும் வேண்டாம். இனி வரப்போகும் செலவை மட்டும் கூட்டிப் பார்க்க வேண்டும்: ரப்பர், கூலி, கசிவு, பதிவுக் கட்டணம். அதோடு மவுண்டிங்கை முடுக்கும் இடத்தில் பாடியைத் தட்டிப் பார்க்க வேண்டும். அங்கே இரும்பு துருப்பிடித்து உதிர்ந்தால், எந்தப் புது ரப்பரும் பயன்படாது. விற்பதே மேல். இரும்பு உறுதியாக இருந்து, எஞ்சினும் ஒழுங்காக எரிந்தால், ரப்பருக்காக ஒரு காரையே இழப்பது வீண்.

கடைசி அம்பாசடர் 2014 மே மாதம் உத்தர்பாராவில் தயாரானது. புதுக்கார் கிடைக்காத காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் 'முதலில் பார், அப்புறம் முடிவு செய்' என்ற அந்தக் காலத்துப் பட்டறைப் புத்தி இன்றைக்கும் காசு மிச்சம் பிடித்துக் கொடுக்கும்.