எண்ணெய் காணாத உடம்பு

திருச்சுழிக் கோயிலில் உறையும் இறைவனுக்குத் திருமேனிநாதர் என்று பெயர். மேனியையே பெயராகக் கொண்ட தெய்வம். அந்தத் திருமேனிக்கு எண்ணெய், பால், தயிர், சந்தனம் என்று முறை தவறாமல் அபிஷேகம் நடக்கிறது. கல்லும் வறண்டுவிடக் கூடாது என்று நினைத்த மரபு அது. அதே ஊரைச் சுற்றியுள்ள மானாவாரிக் காடுகளில் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் பெண்ணின் குதிகாலில் பித்தவெடிப்பு ரத்தம் கசியப் பிளந்திருக்கிறது. கல்மேனிக்குக் கிடைப்பது இந்த மேனிக்கு ஏன் கிடைக்கவில்லை? அழகுக் குறிப்புப் பக்கத்தில் இதற்கு விடை இருக்காது. இது வரலாற்றிடம் கேட்க வேண்டிய கேள்வி.

எள்ளிலிருந்து எடுத்த நெய்யே எண்ணெய் ஆயிற்று. பழந்தமிழில் 'நெய்' என்ற சொல் உண்பதற்கும் பூசுவதற்கும் பொதுவானது. நற்றிணையின் 40ஆம் பாட்டில் ஒரு பெண் மகனைப் பெற்றுப் படுத்திருக்கிறாள். காவலுள்ள வீடு, காப்புக்கு வெண்சிறுகடுகு, பசுநெய் பூசி மென்மையான உடல். இதன் பக்கத்தில் புறநானூற்றின் 246ஆம் பாட்டை வைத்துப் படியுங்கள். பூதப்பாண்டியனின் மனைவி பெருங்கோப்பெண்டு, கணவன் இறந்தபின் தீப்புகத் தன்னைத் தடுக்கும் சான்றோரிடம் பேசுகிறாள். கைம்பெண்ணுக்கு விதிக்கப்பட்ட வாழ்வை அவளே வரிசைப்படுத்துகிறாள்: நெய் தீண்டாத பிழிந்த சோறு, எள் சாந்து, புளிவிட்ட வேளைக்கீரை, பாயில்லாமல் பருக்கைக்கல்லின்மேல் படுக்கை. அதற்குச் சிதைத்தீயே மேல் என்பது அவள் வாதம்.

ஒன்று பூசிய நெய், மற்றொன்று சோற்று நெய். என்றாலும் இரண்டையும் கொடுப்பதும் பறிப்பதும் ஒரே கைதான். மகனைப் பெற்ற உடம்புக்கு நெய் வருகிறது. கணவனை இழந்த உடம்பிலிருந்து நெய் விலகுகிறது. பெண்ணின் தோல் அவளுடையதாக ஒருபோதும் எண்ணப்படவில்லை. அவள் யாருக்கு மனைவி, யாருக்குத் தாய் என்பதைப் பொறுத்தே அதன் ஈரம் தீர்மானிக்கப்பட்டது.

இந்தக் கணக்கு பிற்காலத்தில் நாள்காட்டியிலும் ஏறியது. புதனும் சனியும் ஆண்களுக்கு, செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு என்று எண்ணெய்க் குளியல் பிரிக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை எண்ணெயும் மஞ்சளும் சுமங்கலியின் அடையாளங்களாயின. உடம்புச் சூட்டைத் தணிக்கும் ஒரு பழக்கம் மங்கலத்தின் பெயரால் சிலருக்கு உரியதாகவும் சிலருக்கு விலக்காகவும் மாறியது இப்படித்தான். கூலிக்குப் போகும் பெண்களுக்கோ செவ்வாயும் வெள்ளியும் வேலை நாட்கள். வறுமையைச் சொல்ல நம் மக்களிடம் உள்ள கூர்மையான சொற்களில் ஒன்று 'எண்ணெய் காணாத தலை'. உடம்பைப் பற்றிப் பேசும் பேச்சுக்கே அங்கே இடமில்லை.

துறவைப் பற்றிப் பேசாமல் திருச்சுழியைப் பற்றிப் பேச முடியாது. 1879 டிசம்பர் 30 அன்று இந்த ஊரில் பிறந்த வேங்கடராமன் 1896இல் திருவண்ணாமலைக்குப் போனார். தலையை மழித்தார், பூணூலை அகற்றினார், கோவணம் ஒன்றே போதும் என்றார். உடம்பைப் பேணாமல் கிடந்த அந்தப் பதினாறு வயதுப் பையனை உலகம் பின்னால் ரமண மகரிஷி என்று வணங்கியது. அதே காலத்தில் பார்ப்பன வீடுகளில் இளம் கைம்பெண்களுக்கும் தலை மழிக்கப்பட்டது. அவர்களுக்கும் ஒற்றைத்துணி, ஒருவேளைச் சோறு. புறத்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுதான். ஒன்றை ஒருவர் தானே தேர்ந்தார். மற்றதைப் பிறர் பிடித்து உட்காரவைத்துச் செய்தார்கள். விரும்பி வறண்டவர் ஞானி ஆனார், வறளவைக்கப்பட்டவர்கள் எதிரே வந்தால் சகுனத்தடை ஆனார்கள். உடலைத் துறக்கும் உரிமைகூட, அந்த உடல் முதலில் தன்னுடையதாக இருப்பவருக்கே வாய்க்கிறது.

வீட்டுக்குள் மறுக்கப்பட்டதைச் சந்தை டப்பாவில் அடைத்து விற்க வந்தது. அமெரிக்காவில் ராபர்ட் செஸ்பரோ 1872இல் வாசலினுக்குக் காப்புரிமை பெற்றார். பெட்ரோலியக் கிணற்றின் கசடிலிருந்து பிறந்த பூச்சு அது. பின்னர் முகத்தில் தடவினால் மறைந்துபோகும் வெள்ளைக் கிரீம்கள் வந்தன. அவற்றுக்கு நம் ஊரில் 'ஸ்னோ' என்று பெயர். பனியையே பார்த்திராத கரிசல் சீமையிலும் அதே பெயர்தான். 1975இல் ஃபேர் அண்ட் லவ்லி வந்தபோது பேச்சு ஈரத்திலிருந்து நிறத்துக்குத் தாவிவிட்டது. தோல் வெடித்திருக்கிறதா என்று அது கேட்கவில்லை, கறுத்திருக்கிறதா என்று கேட்டது. மாப்பிள்ளை, வேலை, தன்னம்பிக்கை எல்லாம் அந்தக் குழாய்க்குள் இருப்பதாக விளம்பரங்கள் சொல்லின. 2020இல் பெயரிலிருந்து 'ஃபேர்' போனது. வெயிலில் நின்று வேலை செய்யும் பெண்களின் நிறத்தைக் குறையாகக் காட்டிய அந்த நாற்பத்தைந்து ஆண்டுகள் பெயரோடு போய்விடவில்லை.

இன்று மாணவிகள் விடுதி அறையிலேயே உடல்பூச்சு கடைகிறார்கள். கடைதல் என்பதுதான் அதற்குச் சரியான சொல். ஷியா வெண்ணெய் நூறு கிராம், நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ இருபத்தைந்து கிராம். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து உருக்கி, ஆறவிட்டு, ஓரம் உறையத் தொடங்கும்போது கடைந்தால் காற்று புகுந்து வெண்ணெய்போல் பொங்கி நிற்கும். குளிர்நாட்டில் இந்த அளவு போதும். ஷியா 35 டிகிரியை ஒட்டி உருகிவிடும், தேங்காயெண்ணெய் 25 டிகிரியிலேயே உருகும். சித்திரை வெயிலில் திருச்சுழியில் அந்த டப்பாவைத் திறந்தால் வெறும் எண்ணெய்தான் இருக்கும். அறுபது டிகிரிக்கு மேல்தான் உருகும் தேன்மெழுகை ஐந்தாறு கிராம் சேர்த்து உருக்கினால் ஓரளவு தாங்கும். இந்தப் பூச்சில் தண்ணீர் இல்லாததால் அது தோலுக்கு ஈரம் தராது. இருக்கும் ஈரத்தைப் போகவிடாமல் மூடும். குளித்த ஈரம் காயும்முன் பூச வேண்டும் என்பது அதனால்தான். வெடித்த காலை வெந்நீரில் ஊறவைத்துத் துடைத்த கையோடு பூசினால் பலன் தெரியும். ஈரக் கையை டப்பாவுக்குள் விடக் கூடாது, விட்டால் கெட்டுப்போகும். சீழ் வைத்த வெடிப்புக்கும் சர்க்கரை நோயாளியின் கால் புண்ணுக்கும் மருத்துவரே கதி.

இந்த ஷியாவும் பெண்களின் கைகளிலிருந்தே வருகிறது. கானா, புர்கினா ஃபாசோ போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் பெண்கள் கொட்டைகளைப் பொறுக்கி, அவித்து, காயவைத்து, வறுத்து, அரைத்து, நீர்விட்டுக் கையாலேயே கடைந்து கடைந்து கொழுப்பை வெளுத்து மிதக்கவைக்கிறார்கள். 'பெண்களின் தங்கம்' என்று அதைப் புகழ்வார்கள். டப்பாவின் மேல் அந்தப் பெண்களின் பெயர் இருப்பதில்லை. நம் இலுப்பையும் ஷியாவும் சப்போட்டா குடும்பத்து மரங்கள். இலுப்பை விதையெண்ணெயும் குளிரில் உறையும், அதையும் உடம்புக்குப் பூசியிருக்கிறார்கள். கோயில் விளக்குக்கு எரித்த எண்ணெய் என்ற நினைவுதான் நம்மிடம் மிச்சம். தோலுக்கு ஆன பயனை மறந்துவிட்டு அதன் உறவுமரத்தின் கொழுப்பைக் கடல்கடந்து வரவழைக்கிறோம்.

வீட்டில் கடைவதாலேயே எதுவும் விடுதலை ஆகிவிடாது. அதற்கு நேரமும் காசும் வேண்டும். நாள் முழுக்க முள் வெட்டியவளிடம் நீயே செய்துகொள் என்று சொல்வது அவள் தலையில் இன்னொரு வேலையை ஏற்றுவதாகவும் முடியும். நூறு கிராமைக் கடையும் நேரத்தில் ஒரு கிலோவையும் கடைந்துவிடலாம். ஒரு தெருப் பெண்களோ ஒரு சுயஉதவிக் குழுவோ கூடிக் கடைந்தால் செலவும் உழைப்பும் பகிரப்படும். அப்போதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த டப்பா யார் யார் கைக்குப் போகிறது? கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் மட்டும் போனால் நற்றிணைக் காலத்தைவிட்டு நாம் நகரவில்லை என்று பொருள். வெள்ளைப்புடவை அத்தைக்கும், கல்யாணமே வேண்டாம் என்றவளுக்கும், கரிமூட்டத்துக்குப் போகிறவளுக்கும் கேள்வியில்லாமல் போக வேண்டும். யாருக்கும் காட்டுவதற்காக இல்லாமல் ஒரு பெண் தன் வெடித்த காலுக்கு, தனக்கு வலிக்கிறது என்பதற்காக மட்டுமே பூசிக்கொள்ளும் நாளில்தான் அந்தத் தோல் அவளுடையதாகும்.