நாக்கும் மூக்கும்

விழுப்புரம், அரக்கோணம், தாம்பரம் என்று மூன்று பக்கத்துப் பாதைகள் கூடும் செங்கல்பட்டு சந்திப்பில், ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்கு வண்டியைத் திருப்பும் அமைப்புக்கு ரயில்வேக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘பாயிண்ட்ஸ்’. வழக்கமான பாதைக்கு இருந்தால் ‘நார்மல்’, கிளைக்குத் திரும்பியிருந்தால் ‘ரிவர்ஸ்’. அங்கே வேலை பார்ப்பவர் பாயிண்ட்ஸ்மேன். பதவியின் பெயரே அதுதான்.

ஏன் பன்மை? சீவிக் கூராக்கிய இரண்டு தண்டவாளங்கள் ஜோடியாக நகர்வதால். ஆங்கிலேயர் கண்ணில் பட்டது அந்தக் கூர். பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும் அதை ஊசி என்றார்கள். அமெரிக்கரின் ‘ஸ்விட்ச்’ முதலில் வளைந்துகொடுக்கும் மெல்லிய பிரம்பைக் குறித்த சொல். பொறியாளர்களோ உடம்பிலிருந்து பெயர் எடுத்தார்கள்: நகரும் துண்டு நாக்கு, கொஞ்ச தூரம் தள்ளி இரண்டு தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் முனை மூக்கு. அந்த மூக்குப் பகுதிதான் ‘கிராசிங்’. சக்கரத்தின் விளிம்பு புகுந்து போக அங்கே இடைவெளி விட்டிருப்பார்கள். வண்டி தடதடப்பது அதனால்தான். ‘பன்னிரண்டில் ஒன்று’ என்று பாயிண்ட்டை வகைப்படுத்துவதும் இந்த மூக்கின் கோணத்தை வைத்தே.

பயணிகளுக்கு இது எதுவும் தெரியவேண்டியதில்லை. அரக்கோணம் ஒற்றைப் பாதையில் எதிர்வண்டிக்காகக் காத்து நின்றால் ‘கிராசிங்’ என்று அலுத்துக்கொள்வார்கள். சாலையில் கேட் போட்டாலும் அதே சொல்.

மூக்கு பெரும்பாலும் அசையாது. கவலையெல்லாம் நாக்கைப் பற்றியதுதான். அகலப் பாதையில் அது வழக்கமாக 115 மில்லிமீட்டர் நகரும். நாக்குக்கும் அது ஒட்ட வேண்டிய தண்டவாளத்துக்கும் இடையில் 5 மில்லிமீட்டர் தகடு ஒன்றைச் செருகிப் பார்க்கும்போது பாயிண்ட் பூட்டிக்கொள்ளக் கூடாது. பூட்டினால் தேர்வில் தோல்வி. நாக்கு சரியாக நிற்காவிட்டால் என்ன ஆகும்? 2024 அக்டோபர் 11 அன்று கவரைப்பேட்டையில் மெயின் லைனுக்கு சிக்னல் பெற்ற பாக்மதி எக்ஸ்பிரஸ், லூப் லைனுக்குள் புகுந்து அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. சிக்னல் ஒன்று சொல்ல, வண்டி போனது வேறு வழி.

இவ்வளவையும் கணினிக்கு எப்படிச் சொல்வது? ரயில்வே மென்பொருள்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ள 2002-ல் ஐரோப்பாவில் தொடங்கிய முயற்சி ரெயில்எம்எல். அதன் இரண்டாம் பதிப்பில், ஒரு பாதையின் இத்தனையாவது மீட்டரில் ஒரு ஸ்விட்ச் என்று எழுதி, பிரியும் பாதையை அதில் கோக்க வேண்டும். எது தொடரும் பாதை, எது கிளை என்று முதலிலேயே தீர்மானித்தாக வேண்டிய கட்டாயம். பெரிய யார்டுகளில் இது வீண் வழக்கு.

மூன்றாம் பதிப்பு, சர்வதேச ரயில்வே சங்கம் 2016-ல் வெளியிட்ட ரெயில்டோப்போமாடல் என்ற மாதிரியை அடித்தளமாகக் கொண்டது. அதில் பாதைத் துண்டுகள்தான் அடிப்படைப் பொருள்கள். பாயிண்ட் அவற்றுக்கிடையிலான உறவுகளாகிவிடுகிறது. மூன்று துண்டு, மூன்று உறவு: நாக்கின் முனையிலிருந்து இடப்பக்கத் துண்டுக்குப் போகலாம், வலப்பக்கத் துண்டுக்குப் போகலாம், இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு நேராகப் போக முடியாது. போக முடியாது என்பதையும் எழுதிவைப்பதுதான் எனக்குப் பிடித்தது. நார்மலும் ரிவர்ஸும் இந்த வரைபடத்துக்குத் தேவையில்லை.

இரண்டு பாதைகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் டயமண்ட் கிராசிங்குக்கும் இதே கணக்குதான். நான்கு துண்டு, ஆறு உறவு. நேராகப் போகும் இரண்டுக்கு மட்டும் அனுமதி. ஒரு பக்கம் மட்டும் பாதை மாற முடியும்படி நாக்குகளைச் சேர்த்து சிங்கிள் ஸ்லிப் ஆக்கினால் அனுமதி மூன்றுக்கு, இரு பக்கமும் மாற முடிகிற டபுள் ஸ்லிப் என்றால் நான்குக்கு.