ஏவலாளா? எசமானா?

மன்னன் ஆண்ட காலத்தில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. அவன் ஆணையிட்டான், குடிகள் அடங்கினர். குடியாட்சி பிறந்தது, கூடவே கேள்வியும் பிறந்தது. நம் வாக்கைப் பெற்று மன்றம் புகுந்தவர், நாம் விரும்புவதைச் செய்ய வேண்டுமா? தம் மனச்சான்று கூறுவதைச் செய்ய வேண்டுமா? அவர் நம் ஏவலாளா? அல்லது நம் எசமானா?

இந்த வழக்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், 1774-ஆம் ஆண்டிலேயே மக்கள் முன் வந்துவிட்டது. பிரிஸ்டல் வாணிகத்தால் வளர்ந்த துறைமுகம். அடிமை வாணிகத்தாலும் கொழுத்த துறைமுகம். அந்நகரம் அவ்வாண்டு இருவரைப் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தது. ஒருவர் நியூயார்க்கில் பிறந்த வணிகர் ஹென்றி குரூகர். வாக்காளரின் கட்டளைக்குக் கட்டுப்படுவேன் என்றார் அவர். மற்றவர் அயர்லாந்தில் பிறந்த எட்மண்ட் பர்க். வெற்றி பெற்ற அன்றே, நன்றி கூறும் மேடையிலேயே, அவர் அதை மறுத்தார். வாக்காளரின் கருத்துக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் உறுப்பினர் தம் உழைப்போடு தம் அறிவையும் அவர்களுக்குத் தரக் கடமைப்பட்டவர். பாராளுமன்றம் பல ஊர்த் தூதர்கள் கூடிப் பேரம் பேசும் சந்தையல்ல, ஒரு நாட்டின் மன்றம் என்பது அவர் வாதம்.

வாதம் செய்வது எளிது. வாழ்ந்து காட்டுவது அரிது. பர்க்குக்குச் சோதனை விரைவிலேயே வந்தது.

1778-இல் அயர்லாந்தின் வாணிகத்தைக் கட்டியிருந்த தளைகளைத் தளர்த்தும் மசோதாக்கள் வந்தன. தம் ஆதாயம் குறையுமென அஞ்சிய பிரிஸ்டல் வணிகர்கள் எதிர்க்கச் சொன்னார்கள். பர்க் ஆதரித்தார். அதே ஆண்டில், கத்தோலிக்கர் மீதிருந்த கொடிய சட்டங்கள் சிலவற்றை நீக்கும் மசோதா வந்தது. நிலம் வாங்கவும், தந்தையின் சொத்தை அடையவும் மதம் தடையாயிருந்த நாடு அது! பர்க் அந்தச் சட்டத்துக்கும் துணை நின்றார். கடன்பட்டுச் சிறையில் வாடியோரின் துயர் தணிக்கும் முயற்சிக்கும் கை கொடுத்தார். மதவெறி சும்மா இருக்குமா? 1780 ஜூனில் அச்சட்டத்தை எதிர்த்து லண்டனில் வெறியர் கூட்டம் கிளர்ந்தது. சிறைகள் எரிந்தன, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

அவ்வாண்டு செப்டம்பரில் தேர்தல். பர்க் பிரிஸ்டலுக்கு வந்தார். தம்மீது கூறப்பட்ட குற்றங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார். ஏன் அவ்வாறு வாக்களித்தேன் என்று காரணம் கூறினார். மன்னிப்புக் கேட்கவில்லை, மழுப்பவுமில்லை. ஆதரவு இல்லையெனக் கண்டதும் சில நாட்களில் போட்டியிலிருந்து விலகினார். வேடிக்கை என்னவெனில், கட்டளைக்குக் கட்டுப்படுவேன் என்ற குரூகரும் அதே தேர்தலில் தோற்றார்!

அப்படியானால் மனச்சான்றுதான் வென்றதா? அவசரப்பட வேண்டாம். கதையின் மறுபக்கத்தையும் காண வேண்டும்.

பிரிஸ்டல் கைவிட்ட பர்க்கை, மால்ட்டன் என்ற சிற்றூர் ஏற்றது. ஏற்றது மக்களா? இல்லை, ராக்கிங்காம் என்ற பிரபுவின் சட்டைப்பைக்குள் இருந்த தொகுதி அது. அங்கே பர்க்கைக் கேள்வி கேட்பார் இல்லை. அந்த இருக்கையிலிருந்து அவர் நல்லதும் செய்தார். 1785 பிப்ரவரியில், ஆர்க்காட்டு நவாபின் கடன் பற்றி அவர் ஆற்றிய பேருரை நம் மண்ணைப் பற்றியது. கம்பெனி ஊழியர்கள் நவாபுக்கு வட்டிக்குக் கொடுத்ததாகக் காட்டிய கடனை, விசாரணையின்றிக் கர்நாடகத்து வருவாயிலிருந்து அடைக்கத் துணிந்தது இங்கிலாந்து அரசு. அது யாருடைய வருவாய்? உழவன் வியர்வை! போரால் பாழான ஊர்களையும், பராமரிப்பின்றிக் கிடந்த ஏரிகளையும் எடுத்துக்காட்டி பர்க் வாதாடினார். தோற்றார். எனினும், வாக்கே இல்லாத நம் முன்னோருக்காக அம்மன்றத்தில் ஒரு குரல் ஒலித்தது.

ஆனால் அதே மனச்சான்று என்ன செய்தது? பாராளுமன்றச் சீர்திருத்தத்தை எதிர்த்தது. 1790-இல் பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்து நூல் எழுதியது. பிறப்பால் வந்த உயர்வைப் போற்றியது. உழைப்போர் ஆளத் தகுதியற்றோர் என்றது. பிரிஸ்டலில் மதவெறியை எதிர்த்த மனச்சான்று, மால்ட்டனில் மக்களாட்சிக்கு அஞ்சியது!

இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? மனச்சான்று வானத்திலிருந்து வரும் அசரீரியல்ல. மனிதனின் வளர்ப்பும் வாழ்வும் சூழலும் சேர்ந்து செய்த சரக்கு அது. ஆகவே அதற்கும் உரைகல் வேண்டும். பெரும்பான்மையின் விருப்பமும் வேதமல்ல. 1780-இல் பெரும்பான்மை சினந்தது சிறுபான்மையின் உரிமை கண்டு. இரண்டையும் காரணம் கேட்கும் கண்கொண்டே நோக்க வேண்டும்.

பிரிஸ்டலில் பர்க் பெரியவராக நின்றது மனச்சான்றைப் பின்பற்றியதால் மட்டுமல்ல. பின்பற்றியபின், மக்கள் முன் வந்து கணக்குக் காட்டியதால். அவர்கள் அளித்த தோல்வியை ஏற்றதால். மால்ட்டனில் அந்தக் கணக்கு இல்லை.

இன்று நம் நாட்டில் மூன்றாவது தரப்பொன்றும் உண்டு. 1985-இல் வந்த 52-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி, கட்சிக் கொறடாவின் கட்டளையை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியையே இழக்க நேரிடும். விலைக்குப் போவோரைத் தடுக்க வந்த வேலி அது. தேவையை மறுப்பார் இல்லை. ஆனால் அந்த வேலிக்குப் பின்னே ஒளிந்துகொண்டு, “மக்கள் சொன்னது இது, மனம் சொன்னது அது, கொறடா சொன்னதைச் செய்தேன்” என்பவரை என்னென்பது?

இளைஞர்களே! உங்கள் உறுப்பினர் உங்களோடு மாறுபடலாம். அது குற்றமல்ல. மாறுபட்டபின் ஊருக்கு வராமலிருப்பதே குற்றம். அவர் ஏவலாளுமல்ல, எசமானுமல்ல. கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். கேட்கக் கடமைப்பட்டவர்கள் நீங்கள். “ஏன் அவ்வாறு வாக்களித்தீர்?” என்று கேளுங்கள். காரணம் கூறினால் எடைபோடுங்கள். கூற மறுத்தால், அடுத்த தேர்தலில் அவருக்கு உங்கள் விடையைக் கூறுங்கள்!